ஓடைக் கல் சொல்லும் சாட்சி: நீலகிரி நீரில் மாசு பாசியை என்ன செய்கிறது என்று கண்டறிய முழுமையான வழிகாட்டி

தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, சோலையை விட்டு வெளியே வரும் ஓடையில் கைவிட்டு ஒரு கல்லை எடுங்கள். பெருவிரலால் தடவினால் வழுக்கும். விரலில் பழுப்பு நிறப் பூச்சு ஒட்டும். அதில் பெரும்பகுதி டயாட்டம் என்னும் கண்ணாடி ஓட்டுப் பாசி. அதே ஓடையில் இரண்டு கிலோமீட்டர் கீழே, கேரட் கழுவும் இடத்தையும் ஊர்ச் சாக்கடை சேரும் இடத்தையும் தாண்டி இன்னொரு கல்லை எடுங்கள். அதில் பச்சை முடிபோல இழை தொங்கலாம், சேறு அப்பியிருக்கலாம், துடைத்து வைத்ததுபோல வெறுமையாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் காரணம் வேறுவேறு.

பச்சையாக இருந்தால் கெட்ட தண்ணீர், தெளிந்திருந்தால் நல்ல தண்ணீர் என்று கண்ணை நம்பி முடிவுகட்டுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. செம்பு கலந்த நீர் பளிங்குபோல இருக்கும். பாசி செத்ததால் வந்த தெளிவு அது.

கல்லூரி மாணவர்கள், பள்ளி அறிவியல் மன்றத்தார், ஊர்க் குடிநீர் ஊற்றைக் காக்க நினைப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. முதலில் ஓடையில் பார்க்க வேண்டியவை, பிறகு குடுவையில் சோதிக்க வேண்டியவை. முதல் பாதிக்கு 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியும் நீரை அளக்கும் சில சிறு கருவிகளும் போதும். இரண்டாம் பாதிக்கு ஒரு கல்லூரி ஆய்வகத்தின் உதவி வேண்டும்.

மாசு பாசியைத் தொடும் வழிகள்

ஊட்டுவது, மறைப்பது, கொல்வது என மூன்று வழிகள் உண்டு. பல நேரம் ஒரே ஓடையில் மூன்றும் சேர்ந்தே நடக்கும்.

ஊட்டுபவை நைட்ரஜனும் பாஸ்பரசும். யூரியா, காம்ப்ளக்ஸ் உரம், கோழி எரு, வீட்டுச் சாக்கடை, சலவைத்தூள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பாசியின் உடலில் நைட்ரஜனும் பாஸ்பரசும் எடைக்கு எடை ஏறத்தாழ 7-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். இந்த விகிதத்தோடு ஒப்பிட்டு எது குறைவாக இருக்கிறதோ, அதுதான் வளர்ச்சிக்குக் கடிவாளம். நன்னீரில் பெரும்பாலும் அது பாஸ்பரஸ். 1 கிராம் பாஸ்பரஸ் சுமார் 100 கிராம் உலர்ந்த பாசியை உருவாக்கப் போதும் என்பதால், துளித்துளியாக வரும் சலவை நீரையும் சிறிது என்று ஒதுக்க முடியாது. 1820-களில் ஜான் சல்லிவன் காலத்தில் உருவாக்கப்பட்ட ஊட்டி ஏரிக்குள் கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரக் கழிவுநீர் வருவது பல ஆண்டுகளாகத் தெரிந்த சிக்கல். அங்கே பெருகும் ஆகாயத்தாமரையும் பச்சை நீரும் இந்த ஊட்டத்தின் விளைவுதான்.

மறைப்பது மண். கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் போட்ட சரிவிலிருந்து மழையில் இறங்கும் செம்மண்ணும், கேரட் கழுவும் இயந்திரத்திலிருந்து வரும் சேற்று நீரும் வெளிச்சத்தைத் தடுக்கும். கல்லின்மேல் படிந்து பாசியைப் புதைக்கவும் செய்யும். அப்போது நகரத் தெரிந்த டயாட்டங்கள்தான் பிழைக்கும். நாவிகுலா, நிட்ஸ்சியா, சுரிரெல்லா போன்றவை மண்ணைத் துளைத்து மேலேறி வெளிச்சத்துக்கு வந்துவிடும். கல்லோடு காம்பு வைத்து ஒட்டிய வகைகள் உள்ளேயே மடியும். ஆகவே நகரும் வகைகளின் பங்கு திடீரென்று கூடினால், மேலே எங்கோ மண் அரிக்கிறது என்று பொருள்.

கொல்பவற்றில் இந்த மலைக்கு முதலில் சொல்ல வேண்டியது செம்பு. தேயிலையின் கொப்புள நோய்க்குத் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிக்கிறார்கள். உருளைக்கிழங்கின் கருகல் நோய்க்குப் போர்டோ கலவையும் உண்டு. அதில் இருப்பது மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். செம்பு பாசியின் பச்சையத்தில் இருக்கும் மெக்னீசியத்தின் இடத்தைப் பிடிக்கும். ஒளிச்சேர்க்கையின் முதல் கட்டத்தையே முடக்கும். நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட். அதன்மேல் ஓடும் நீரில் கால்சியமும் மெக்னீசியமும் குறைவு, அதாவது மென்னீர். கடின நீரில் கால்சியம் செம்போடு போட்டிபோட்டுப் பாசியின் உறையை ஓரளவு காக்கும். மென்னீரில் அந்தக் காவல் கிடையாது. சமவெளியில் தாங்கும் செம்பு அளவை இங்கே பாசி தாங்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50 சதவீதச் செம்பு உள்ள தூளை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்தால், ஒரு லிட்டர் மருந்தில் 1.25 கிராம் செம்பு இருக்கும். தெளித்து முடித்ததும் மிச்சமான அந்த ஒரே லிட்டரை ஓடையில் கொட்டினால், செம்பு லிட்டருக்கு 0.1 மி.கி. என்ற அளவுக்குக் குறைய 12,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்த 0.1 மி.கி.யே மென்னீரில் பல பச்சைப் பாசிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். தெளிப்பானை ஓடையில் முக்கிக் கழுவக் கூடாது என்று வலியுறுத்துவது இதனால்தான்.

களைக்கொல்லிகளில் டையூரான், அட்ரசின் போன்றவை நேரே ஒளிச்சேர்க்கையைத் தடுப்பவை; அவற்றைப் பொறுத்தவரை பாசியும் ஒரு களைதான். கிளைபோசேட் வேறு வழியில், அமினோ அமிலம் உருவாகும் பாதையை அடைத்துக் கொல்லும். அதன் கலவையில் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்புப் பொருள் பல நேரம் மருந்தைவிடக் கடுமையாகப் பாசியைத் தாக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சில நீலப்பச்சைப் பாசிகள் கிளைபோசேட்டைத் தாங்குவதோடு, அதிலுள்ள பாஸ்பரசை உணவாகவும் எடுத்துக்கொள்ளும். நல்ல பாசி சாக, நச்சு உண்டாக்கக்கூடிய கூட்டம் தழைக்கும்.

எங்கே, எப்போது எடுப்பது

ஒரு ஓடையில் குறைந்தது மூன்று இடங்கள் வேண்டும்: தோட்டத்துக்கும் ஊருக்கும் மேலே ஒன்று, மாசு சேருமிடத்துக்குச் சற்றுக் கீழே ஒன்று, இன்னும் அரை கிலோமீட்டராவது தள்ளி ஒன்று. மூன்றாவது இடம் ஓடை தேறி வருகிறதா என்று காட்டும். மேல் இடம் வனத்துறை எல்லைக்குள் வந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

மூன்று இடத்திலும் வெளிச்சம் ஒன்றுபோல இருக்க வேண்டும். மேலே சோலை நிழலில் ஒரு கல், கீழே திறந்த வெயிலில் ஒரு கல் என்று ஒப்பிட்டால், வெயில் செய்த வேலையை மாசின் தலையில் கட்டிவிடுவீர்கள். சில்வர் ஓக் நிழல்கூட இதில் கணக்குண்டு.

பெருமழை கல்லைத் தேய்த்துக் கழுவிவிடும். வெள்ளம் வடிந்து குறைந்தது இரண்டு வாரம் ஆன பிறகே எடுக்க வேண்டும். நான்கு வாரம் என்றால் இன்னும் நல்லது. ஆகவே கல்லைச் சுரண்டும் வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வசதியானது. அப்போது நீர் குறைந்து சாக்கடையின் பங்கும் தெளிவாகத் தெரியும். செம்பைத் தேடுகிறவர்கள் மட்டும் மருந்தடிக்கும் மழைக்காலத்தில் நீர் மாதிரியாவது எடுத்தாக வேண்டும். மழை தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்து நீரில்தான் அது இறங்கி வரும். மறுநாள் போனால் தடயம் இருக்காது.

கல்லைச் சுரண்டும் முறை

1. ஓட்டமுள்ள, 10 முதல் 30 செ.மீ. ஆழமுள்ள இடத்தில் உள்ளங்கை அளவுக் கற்கள் ஐந்தை எடுங்கள். தண்ணீருக்குள்ளேயே மெதுவாக ஆட்டி, ஒட்டாத மண்ணை மட்டும் போக்குங்கள்.

2. பழைய சைக்கிள் டியூபில் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. சதுரத் துளை வெட்டிக் கல்லின் மேல்புறத்தில் வைத்து அழுத்துங்கள். துளைக்குள் தெரியும் பரப்பை மட்டும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ஐந்து கல்லுக்கும் சேர்த்து 125 சதுர செ.மீ. வரும். ஒவ்வொரு இடத்துக்கும் புதுப் பிரஷ் வேண்டும். ஒரே பிரஷ்ஷை மூன்று இடத்திலும் பயன்படுத்தினால் மேல் இடத்து டயாட்டம் கீழ் இடத்துக் கணக்கில் ஏறிவிடும். இந்த வேலையில் வரும் குழப்பங்களில் பாதி இதனால் வருவது.

3. தேய்த்ததை அந்த இடத்து நீராலேயே வெள்ளைத் தட்டில் கழுவி 100 மி.லி. ஆக்குங்கள். பாதியை உயிரோடு, குளிர்ச்சியாக எடுத்துப் போய் அன்றே பாருங்கள். மறு பாதியில் லூகால் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பால் கலக்காத டீயின் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். 5 கிராம் அயோடின், 10 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 100 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேர்ந்தது லூகால். அது சேர்த்த மாதிரி இருட்டில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். நிறம் வெளுத்தால் இன்னும் சில சொட்டு விட வேண்டும்.

4. அங்கேயே நீரின் வெப்பநிலை, பி.எச். (அமில, கார அளவு), கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் குறியுங்கள். நேரத்தையும் எழுதுங்கள். பாசி மிகுந்த நீரில் காலை 6 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால், அமில, கார மாற்றத்தைத் தாங்கும் திறன் குறைந்த நம் மென்னீரில் பி.எச். 7-லிருந்து 9-ஐத் தாண்டிப் போகலாம். அந்த நிலையில் சாக்கடை அம்மோனியா மீனைக் கொல்லும் வடிவத்துக்கு மாறும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை மூச்சாக இழுத்துத் தீர்க்கும். விடியும்முன் எடுக்கும் அளவுதான் ஏரியின் உண்மையான நெருக்கடியைக் காட்டும்.

ஆக்சிஜன் அளவைப் படிக்கையில் உயரத்தை மறக்காதீர்கள். கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியசில் நீர் லிட்டருக்கு 10.1 மி.கி. ஆக்சிஜன் வரை பிடிக்கும். ஊட்டி உயரமான 2,240 மீட்டரில் காற்றழுத்தம் குறைவு என்பதால் சுமார் 7.7 மி.கி. தான் பிடிக்கும். இங்கே 7.5 வந்தால் நீர் ஏறத்தாழ நிறைவாக இருக்கிறது. சமவெளிப் பாடப் புத்தகத்தைப் பார்த்துக் "குறைகிறது" என்று எழுதிவிடக் கூடாது. மதியத்தில் 11 வந்தால் அது பாசி மிதமிஞ்சி வளர்ந்ததன் அறிகுறி. கருவியை அந்தந்த ஊர் காற்றழுத்தத்துக்குச் சரிசெய்த பிறகே அளக்க வேண்டும்.

கல் கிடைக்காத ஏரிக்கரையில், நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகளைச் சட்டத்தில் செருகி நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே மூன்று அல்லது நான்கு வாரம் தொங்கவிடுங்கள். படிவதை அதே முறையில் சுரண்டலாம்.

பாசியோ என்று ஏமாற்றுபவை

சாக்கடை சேருமிடத்தில் சாம்பல் நிறத்தில் கம்பளி நூல்போல ஆடுவது பாசி அல்ல, ஸ்பீரோடிலஸ் என்னும் பாக்டீரியாக் கூட்டம். அது இருந்தால் கரிமக் கழிவு மிக அதிகம் என்று நுண்ணோக்கி இல்லாமலே சொல்லிவிடலாம். சதுப்பு நிலத்தில் ஆரஞ்சு நிறப் படிவும் மேலே எண்ணெய்போல மினுங்கும் படலமும் தெரிந்தால், டீசல் கொட்டிவிட்டார்கள் என்று ஊர் பதறும். ஒரு குச்சியால் கோடு கிழித்துப் பாருங்கள். படலம் கண்ணாடித் துண்டுபோல உடைந்து அப்படியே நின்றால் இரும்பு பாக்டீரியா, இயற்கைதான். உடைந்தது மறுபடி ஓடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்.

பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல ஏரி ஓரத்தில் ஆடை கட்டியிருந்தால் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். வெறுங்கையால் தொடாதீர்கள், மாடும் நாயும் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தாலும் அதன் நச்சு போகாது.

நுண்ணோக்கியில் யார் யார்

ஒரு சொட்டை வைத்து, 400 செல்கள் வரும்வரை எண்ணுங்கள். 400 எண்ணினால் பிழை சுமார் 10 சதவீதத்துக்குள் நிற்கும். 50 எண்ணிவிட்டுச் சதவீதம் போடுவதில் பொருளில்லை.

சுத்தமான, சற்றே அமிலமான மலைநீருக்கு அடையாளம் டெஸ்மிட் என்னும் பச்சைப் பாசி வகைகள். நடுவில் இடுப்பு ஒடுங்கிய காஸ்மேரியமும் மூன்று முனையுள்ள ஸ்டாராஸ்ட்ரமும் அவற்றில் முக்கியமானவை. காஸ்மேரியத்தை 400 மடங்கில் பார்த்தால் இரண்டு அரைவட்டங்கள் முதுகு வெளிப்பக்கமாக ஒட்டி நிற்பதுபோலத் தெரியும். இரு பாதியிலும் பச்சையம் அச்சு எடுத்ததுபோல ஒன்றாக இருக்கும். உரநீர் சேரச்சேர முதலில் ஒதுங்குபவை இவைதான்.

சாக்கடை நீருக்கு 1969-ல் பாசி ஆய்வாளர் பால்மர் வெளியிட்ட மதிப்பெண் முறை இன்றும் கைகொடுக்கிறது. மாசைத் தாங்கும் 20 பேரினங்களுக்கு அவர் மதிப்பெண் தந்தார். யூக்ளினாவுக்கும் ஆசிலடோரியாவுக்கும் 5. கிளாமிடோமோனாசுக்கும் சீனடெஸ்மசுக்கும் 4. குளோரெல்லா, நாவிகுலா, நிட்ஸ்சியா மூன்றுக்கும் 3. ஆங்கிஸ்ட்ரோடெஸ்மஸ், ஃபேகஸ், ஸ்டிஜியோகுளோனியம், சினெட்ரா ஆகியவற்றுக்கு 2. குளோஸ்டீரியம், கோம்ஃபோனிமா போன்ற மற்றவற்றுக்கு 1. பார்த்தவற்றைக் கூட்டி 20 அல்லது அதற்கு மேல் வந்தால் கரிம மாசு கடுமை; 15 முதல் 19 வரை வந்தால் மாசு இருக்கக்கூடும். ஒரு மாதிரியில் யூக்ளினா, ஆசிலடோரியா, சீனடெஸ்மஸ், நிட்ஸ்சியா, நாவிகுலா ஐந்தும் இருந்தாலே 20 ஆகிவிடும்.

இந்த முறையின் எல்லையையும் தெரிந்து பயன்படுத்துங்கள். இது சாக்கடைக்கான அளவுகோல். செம்பு கலந்த ஓடையில் எல்லாம் செத்து மதிப்பெண் 4 வந்தால், அதைச் சுத்தத்துக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மதிப்பெண்ணும் குறைவு, மொத்தச் செல் எண்ணிக்கையும் மேல் இடத்தைவிட மிகக் குறைவு என்றால், அங்கிருந்துதான் நச்சுச் சோதனை தொடங்க வேண்டும். உலோகத்தைத் தாங்கும் ஸ்டிஜியோகுளோனியம் மட்டும் பச்சைக் குஞ்சம்போல நின்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

முதல் குடுவைச் சோதனை: எந்த ஊட்டம் பாசியைத் தூண்டுகிறது

வேண்டியவை: 500 மி.லி. கண்ணாடிக் குடுவை 12, ஓடை அல்லது ஏரி நீர் 5 லிட்டர், பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், 1 மி.லி. பிப்பெட்.

குடுவைகளை 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசுங்கள். சலவைத்தூளோ பாத்திரச் சோப்போ பக்கத்தில்கூட வரக் கூடாது. அது விட்டுச்செல்லும் பாஸ்பரஸ் முழுச் சோதனையையும் கெடுக்கும்.

நீரை மெல்லிய பட்டுத் துணியில் வடித்து, பாசியைத் தின்னும் நீர்ப்பூச்சிகளையும் கொசுப்புழுக்களையும் எடுத்துவிடுங்கள். பாசி வடிந்து உள்ளே வந்துவிடும், அதுதான் விதை. ஒவ்வொரு குடுவையிலும் 300 மி.லி. ஊற்றுங்கள்.

நைட்ரஜன் கரைசல்: 7.22 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டை 1 லிட்டரில் கரைத்தால் 1 மி.லி.யில் 1 மி.கி. நைட்ரஜன் இருக்கும். பாஸ்பரஸ் கரைசல்: 0.439 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை 1 லிட்டரில் கரைத்தால் 1 மி.லி.யில் 0.1 மி.கி. பாஸ்பரஸ் இருக்கும்.

மூன்று குடுவையில் எதுவும் சேர்க்க வேண்டாம். மூன்றில் நைட்ரஜன் கரைசல் 0.3 மி.லி., மூன்றில் பாஸ்பரஸ் கரைசல் 0.45 மி.லி., மூன்றில் இரண்டும். இதனால் நைட்ரஜன் லிட்டருக்கு 1 மி.கி., பாஸ்பரஸ் 0.15 மி.கி. கூடும், விகிதம் பாசியின் உடல் விகிதத்தை ஒட்டியே நிற்கும். வடக்குப் பார்த்த ஜன்னலோரம் அல்லது எல்.ஈ.டி. குழல்விளக்கின் கீழ் 7 முதல் 10 நாள் வையுங்கள். தினம் மூன்று முறை குலுக்கி, இடத்தையும் மாற்றிவையுங்கள். ஜன்னல் பக்கக் குடுவை மட்டும் செழித்து நிற்பது வெளிச்சத்தின் வேலை.

பாஸ்பரஸ் குடுவைகள் மட்டும் பச்சையானால், அந்த ஏரிக்குள் வரும் சலவை நீரையும் சாக்கடையையும் முதலில் தடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த குடுவைகள் மட்டும் பச்சையானால் இரண்டுமே பற்றாக்குறை. நான்கு வகையும் ஒரே மாதிரி பச்சையானால் நீரில் ஏற்கெனவே ஊட்டம் மிதமிஞ்சி இருக்கிறது. எதுவுமே வளராவிட்டால் அடுத்த சோதனைக்குப் போங்கள்.

இரண்டாம் குடுவைச் சோதனை: நீரில் நச்சு இருக்கிறதா

உலகம் முழுக்கப் பின்பற்றும் 72 மணி நேரப் பாசி வளர்ச்சித் தடைச் சோதனையின் எளிய வடிவம் இது. குளோரெல்லா அல்லது சீனடெஸ்மஸ் தூய வளர்ப்பு ஒன்றைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையிடம் கேட்டு வாங்குங்கள்.

வளர்ப்பு ஊடகத்தை, அதாவது பாசி வளர்க்கும் ஊட்டக் கரைசலை, பிரஷர் குக்கரில் கிருமி நீக்குவதாக இருந்தால் ஒரு மலைக்கணக்கு இருக்கிறது. கடல் மட்டத்தில் 15 பவுண்டு எடையில் 121 டிகிரி வரும். ஊட்டியில் அதே எடையில் சுமார் 117 டிகிரிதான். 15 நிமிடம் என்று புத்தகம் சொன்னால் இங்கே 40 நிமிடம் வையுங்கள். வளர்ப்பில் மூன்றாம் நாள் பாக்டீரியா மங்கல் தட்டுவதற்குப் பெரும்பாலும் இந்தக் குறைதான் காரணம்.

முதலில் செம்புக்கு ஒரு வரிசை செய்து, உங்கள் பாசி எவ்வளவு கூருணர்வு உள்ளது என்று தெரிந்துகொள்ளுங்கள். 0.393 கிராம் மயில்துத்தத்தை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மி.கி. செம்பு. அதைப் பத்து மடங்கு நீர்த்தால் 10 மி.கி. இந்த நீர்த்த கரைசலில் 0.1, 0.32, 1, 3.2, 10 மி.லி. என எடுத்து, ஒவ்வொன்றையும் மொத்தம் 100 மி.லி. ஆக்குங்கள். லிட்டருக்கு 0.01, 0.032, 0.1, 0.32, 1 மி.கி. என்ற ஐந்து படிகள் கிடைக்கும். ஒவ்வொரு படிக்கும் மூன்று குடுவை, செம்பு சேர்க்காததற்கு ஆறு குடுவை. 250 மி.லி. கூம்புக் குடுவையில் 100 மி.லி. மட்டும் ஊற்றிப் பஞ்சால் அடையுங்கள்; காற்று போய்வர இடம் வேண்டும்.

இங்கே பெரும்பாலோர் சறுக்குவது ஊடகத்தில். வழக்கமான போல்ட் ஊடகத்தில் ஈ.டி.டி.ஏ. நிறைய இருக்கிறது. அது செம்பைப் பிடித்துக் கட்டிவைத்துவிடும். பாசி செழிப்பாக வளரும். செம்பால் ஒன்றும் ஆகவில்லை என்று அறிக்கையும் எழுதிவிடுவார்கள். சோதனைக்கு மேல் இடத்துத் தூய ஓடைநீரை 0.45 மைக்ரான் தாளில் வடித்து, மேலே சொன்ன நைட்ரஜன், பாஸ்பரஸ் கரைசல்களை லிட்டருக்கு முறையே 10 மி.லி., 15 மி.லி. சேர்த்துப் பயன்படுத்துங்கள். பேட்டரிக் கடையில் வாங்கும் நீரிலும் உலோகம் இருக்கக்கூடும். அதை ஒருமுறை பாசி வளர்த்துச் சோதித்த பிறகே நம்புங்கள்.

தொடக்கத்தில் ஒரு மி.லி.க்கு 10,000 செல் இருக்க வேண்டும். இந்த அடர்த்தியை நியூபவர் எண்ணுதட்டில் (செல் எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடித் தகடு) நேராக எண்ண முடியாது. ஒரு பெரிய சதுரத்தில் ஒரே ஒரு செல்தான் விழும். அடர்ந்த வளர்ப்பை எண்ணி, சதுரத்துக்கு வரும் சராசரியை 10,000-ஆல் பெருக்கி, பிறகு கணக்கிட்டு நீர்க்க வேண்டும். மி.லி.க்கு 20 லட்சம் செல் உள்ள வளர்ப்பில் 0.5 மி.லி. எடுத்து 100 மி.லி.யில் விட்டால் சரியாக 10,000.

வெப்பநிலை 21 முதல் 24 டிகிரி, வெளிச்சம் 4,400 முதல் 8,900 லக்ஸ், இரவிலும் விளக்கு அணையக் கூடாது. டிசம்பரில் ஊட்டி அறையில் இந்தச் சூடு கிடைக்காது. தெர்மகோல் பெட்டியில் தண்ணீர் நிரப்பி, மீன்தொட்டி ஹீட்டரை 22-ல் வைத்து, குடுவைகளை அதில் பாதி அமிழ நிறுத்துங்கள். செம்பு சேர்க்காத குடுவைகளில் 72 மணி நேரத்தில் செல்கள் குறைந்தது 16 மடங்கு பெருகியிருக்க வேண்டும், அவற்றின் பி.எச். தொடக்கத்தில் இருந்ததைவிட 1.5-க்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் முழுச் சோதனையும் செல்லாது. பெருகாததற்குக் குளிரும், பி.எச். ஏறியதற்குக் குலுக்காததும்தான் வழக்கமான காரணங்கள்.

கணக்கு: 72 மணி நேரத்துக்குப் பிறகு உள்ள எண்ணிக்கையின் இயல் மடக்கையிலிருந்து தொடக்க எண்ணிக்கையின் இயல் மடக்கையைக் கழித்து 3 நாளால் வகுத்தால் நாள் வளர்ச்சி விகிதம். உதாரணமாக, செம்பற்ற குடுவையில் 10,000 செல் 2,40,000 ஆனால் விகிதம் 1.06. செம்புக் குடுவையில் 60,000 மட்டும் ஆனால் 0.60. தடை 44 சதவீதம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முக்கால் பங்கு குறைந்ததாகத் தோன்றும். இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்று அறிக்கையில் தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் பிறர் முடிவோடு ஒப்பிட முடியாது.

இனி ஓடைநீர். மாசுபட்ட இடத்து நீரை 0.45 மைக்ரான் தாளில் வடித்து, மேல் இடத்து நீரால் 100, 50, 25, 12.5, 6.25 சதவீதம் என நீர்த்து அதே முறையில் பாசியை வளர்க்க வேண்டும். எல்லாக் குடுவைக்கும் மேலே சொன்ன ஊட்டத்தைச் சம அளவில் சேர்ப்பது கட்டாயம். சாக்கடையும் செம்பும் சேர்ந்த நீரில் சாக்கடையின் ஊட்டம் செம்பின் நச்சை மறைத்துவிடும். எல்லாருக்கும் வயிறு நிறையச் சாப்பாடு போட்டபின் யார் மெலிகிறார் என்று பார்த்தால்தான் நோய் தெரியும்.

100 சதவீத நீரில் தடை தெரிந்தால், குற்றவாளி யார் என்று ஓரளவு பிரித்துவிடலாம். அதே நீரில் மூன்று குடுவைக்கு டைசோடியம் ஈ.டி.டி.ஏ. லிட்டருக்கு 3 மி.கி. சேருங்கள். முன்பு தவறென்று சொன்ன அதே குணம் இங்கே கருவியாகிறது. பாசி மீண்டு வளர்ந்தால் காரணம் செம்பு போன்ற உலோகம். இன்னும் மூன்று குடுவைக்கான நீரைத் தூள் கரியோடு ஒரு மணி நேரம் குலுக்கி, வடித்து, ஊட்டத்தை அதன் பிறகு சேர்த்துப் பயன்படுத்துங்கள். ஈ.டி.டி.ஏ.யால் மீளாமல் கரியால் மட்டும் மீண்டால் களைக்கொல்லி, சோப்பு போன்ற கரிமப் பொருள். கரி சிறிது உலோகத்தையும் பிடிக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். தூய மேல் இடத்து நீருக்கும் இதே இரண்டு சிகிச்சையும் செய்து பாருங்கள், ஈ.டி.டி.ஏ.யோ கரியோ தானே பாசியைத் தொந்தரவு செய்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

உலோகம் என்று முடிவானபின் அந்த நீரில் ஒரு புட்டியை நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். 2-க்குக் கீழே வைத்து, ஆய்வகத்தில் செம்பின் அளவைக் கேளுங்கள். அமிலம் சேர்க்காமல் அனுப்பினால் செம்பு புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அளவு குறைவாகவே வரும். இதற்கு அகலவாய் பாலிஎத்திலீன் புட்டி வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது. அமிலத்தில் கழுவி ஆண்டுக்கணக்கில் பயன்படும் ஆய்வகப் புட்டியாகவே வாங்குங்கள்.

முடிவை ஊராட்சிக்கோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ கொடுக்கும்போது இடம், தேதி, மணி, கடைசி மழை எப்போது, மேல் இடத்து அளவு ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். மேல் இடத்து அளவு இல்லாத முடிவை யாரும் ஒரு கேள்வியில் தள்ளிவிடலாம். தோட்டக்காரரிடம் பேசும்போது 12,500 லிட்டர் கணக்கைக் காட்டுங்கள். மிச்ச மருந்தை ஓடைக்குப் பதில் அதே வயலில் தெளித்துத் தீர்ப்பதும், ஓடையோரம் சில மீட்டர் புல்லை வெட்டாமல் விடுவதும் அவரால் அன்றே செய்யக்கூடியவை.

சோதனை முடிந்த செம்பு நீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு வாளியில் சேர்த்து, பி.எச். 9 வரும்வரை சுண்ணாம்புத் தெளிவை விட்டு ஓர் இரவு வையுங்கள். செம்பு நீலப்பச்சை வண்டலாக அடியில் இறங்கும். ஈ.டி.டி.ஏ. சேர்த்த குடுவைகளை இதில் கலக்கக் கூடாது. அது செம்பைக் கரைசலிலேயே பிடித்துவைத்துவிடும், வண்டலாக விடாது. அவற்றைத் தனிப் புட்டியில் வைத்து, வண்டலோடு சேர்த்துக் கல்லூரி ஆய்வகத்தின் வேதிக்கழிவில் ஒப்படையுங்கள்.